மாணவருக்கும் டிஜிட்டல் ட்வின்: கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் நீங்கள் ஆசிரியர். புதிய மென்பொருள் வாங்கும் குழுவிலும் இருக்கிறீர்கள். ஒரு நிறுவனம் டிஜிட்டல் ட்வின், அதாவது ஒன்றின் நிலையைத் தரவு வழியாகக் கணினியில் பிரதிபலிக்கும் நகல், என்ற திட்டத்தோடு வந்திருக்கிறது. கட்டடத்துக்கும் லேபுக்கும் மட்டுமல்லாமல், முதலாமாண்டு சேரும் 1200 பேருக்கும் ஆளுக்கொரு ட்வின்; கூடவே ஆசிரியர்களின் குரலையும் முகத்தையும் வைத்துப் பாடம் நடத்தும் ட்வின். அட்மிஷன் நாளிலேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அறமும் சட்டமும் சரியாகிவிடும் என்கிறது நிர்வாகம். அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். படிவத்தைப் பற்றிக் கேட்டாலும் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். ஒரு மாணவரைப் பற்றி மென்பொருள் ஏதோ சொல்கிறது. அதை வைத்து அவர்மேல் யார், என்ன செய்யலாம்? அதற்கு எந்தப் படிவத்திலும் பதில் இருக்காது.

முதலில், உங்களுக்கு விற்கப்படுவது என்ன என்று பார்த்துவிடலாம். மைக்கேல் கிரீவ்ஸ் 2002-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அவர் பேசியது தொழிற்சாலைப் பொருள்களைப் பற்றி. 'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயர் 2010 வாக்கில் நாசாவிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் 2018-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று, தரவு ஓடும் திசையை வைத்து மூன்று வகை பிரிக்கிறது. பொருளிலிருந்து கணினிக்குத் தரவைக் கையால் ஏற்றினால் அது வெறும் மாடல். சென்சார் வழியாகத் தானாகவே வந்துகொண்டிருந்தால் நிழல். கணினி முடிவெடுத்து அந்த முடிவு தானாகவே பொருளுக்குத் திரும்பிப் போனால்தான் ட்வின். உங்கள் குழு கவனிக்க வேண்டியது இந்தத் திரும்பிப்போகும் அம்பைத்தான். ஏசியின் வேகத்தைக் கணினி தானே குறைத்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு மாணவியின் ஹால் டிக்கெட்டைக் கணினி தானே நிறுத்தினால், அதற்கு யார் பொறுப்பு? என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ட்வின் இருக்கட்டும். மாணவர் விஷயத்தில் நிழலைத் தாண்டிப் போகக் கூடாது.

இயந்திரத்தில் இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. லேபில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், வேகம், வெப்பம், அதிர்வு ஆகியவற்றை அளக்கிறோம். இவற்றை இணைக்கும் சமன்பாடுகள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. ட்வின் சொல்வதும் மோட்டார் செய்வதும் ஒத்துப்போகாவிட்டால், பேரிங்கைக் கழற்றிப் பார்த்து யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ளலாம். மாணவருக்கு அப்படி ஒரு சமன்பாடு கிடையாது. வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க், மூடில் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் லாகின், நூலகப் பதிவு, கட்டணம் கட்டிய தேதி என்று பத்துப் பன்னிரண்டு தரவுப் பத்திகளை எடுத்து, பழைய மாணவர்களின் தரவோடு ஒப்பிட்டு, 'இவரைப் போன்றவர்கள் முன்பு என்ன ஆனார்கள்' என்று மென்பொருள் சொல்கிறது. அது இந்த மாணவரைப் பற்றிய செய்தியே அல்ல. அவரைப் போலத் தோன்றும் வேறு சிலரைப் பற்றியது.

அந்தப் பத்திகளும் நாம் நினைப்பதை அளப்பதில்லை. மூடிலில் ஏற்றிய பிடிஎஃப்பை வகுப்பில் ஒருவர் இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மீதி 59 பேரும் அங்கிருந்தே படிக்கிறார்கள். ட்வின் கண்ணுக்கு ஒருவர் மட்டும் படிப்பாளி, மற்றவர்கள் ஆர்வமில்லாதவர்கள். டே ஸ்காலர் பேருந்தில் போனை வைத்துப் படிப்பது கல்லூரி வைஃபையில் பதிவாகாது. ஹாஸ்டல்காரர் அதே வைஃபையில் படம் பார்த்தாலும் 'ஆன்லைன் நேரம்' ஏறும். ஐடி கார்டைத் தட்டி வருகை பதியும் இடங்களில் ஒரே ஆள் நாலு கார்டு தட்டுவது எல்லாரும் அறிந்ததே. சென்சாரும் விதிவிலக்கல்ல. கரியமில வாயுவை அளக்கும் சென்சார்கள் பலவற்றில் தானே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவு, அதாவது 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று அது எடுத்துக்கொள்ளும். ஜன்னல் மூடியே கிடக்கும், எப்போதும் யாராவது இருக்கும் ஹாஸ்டல் அறையில் காற்று அந்த அளவுக்கு ஒருநாளும் இறங்காது. அங்கே மிகக் குறைந்த அளவே 700 என்றால், நாளடைவில் சென்சார் அதையே 400 என்று கொண்டுவிடும். அதன்பின் எல்லா அளவிலும் 300 குறையும். நெரிசலான அறை நல்ல அறையாகத் திரையில் தெரியும். இதைச் சரிசெய்ய அந்த வசதியை அணைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கொருமுறை சென்சாரை வெளிக்காற்றில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

விற்பனை விளக்கத்தில் '90 சதவீதம் துல்லியம்' என்று கட்டாயம் ஒரு ஸ்லைடு வரும். அதைத் தாளில் போட்டுப் பாருங்கள். 1200 பேரில் 5 சதவீதம், அதாவது 60 பேர் படிப்பைப் பாதியில் விடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அவர்களில் 80 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறது. படிப்பைத் தொடர்வோரில் 90 சதவீதத்தினரைச் சிக்கவைக்காமல் சரியாக விட்டுவிடுகிறது. 48 பேர் சரியாகச் சிக்குவார்கள், 12 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 1140 பேரில் 114 பேர்மேல் தவறாகச் சிவப்பு, அதாவது 'படிப்பை விடுவார்' என்ற எச்சரிக்கை, விழும். மொத்தம் 162 சிவப்பு. அதில் 114 தவறு. பத்துப் பேரில் ஏழு பேரைப் பற்றி அது பொய் சொல்கிறது. மென்டர், அதாவது மாணவர்களை வழிநடத்தும் ஆசிரியர், 162 பேரையும் கூப்பிட்டு 'எப்படி இருக்கீங்க' என்று விசாரிப்பதற்கு இந்தப் பட்டியல் போதும்; தவறாக விசாரித்ததால் யாரும் கெட்டுப்போவதில்லை. அதே பட்டியலை பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கு அனுப்பினால் 114 பேருடைய வாய்ப்பு காரணமே இல்லாமல் குறையும். பிழை விகிதம் இரண்டிலும் ஒன்றுதான்; அம்பு எங்கே போகிறது என்பதுதான் அறத்தை மாற்றுகிறது.

இப்படிப்பட்ட முன்னெச்சரிக்கையால் மாணவர்களுக்குப் பயன் உண்டா என்பதே இன்னும் தீராத கேள்வி. பர்டூ பல்கலைக்கழகத்தின் கோர்ஸ் சிக்னல்ஸ் என்ற முறை மாணவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டியது. அது உள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பில் அதிகம் நிலைத்தார்கள் என்று 2012-ல் கட்டுரை வந்தது. 2013-ல் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள்: கல்லூரியில் நீடித்தவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட இரண்டு பாடங்களை எடுக்கவே வாய்ப்புக் கிடைத்திருக்கும். ஒரு விமர்சகர், சிக்னலுக்குப் பதிலாக மாணவர்களுக்குக் கண்மூடித்தனமாகச் சாக்லேட் கொடுப்பதாகக் கணினியில் பாவனை செய்து, அதிலும் அதே 'பலன்' கிடைப்பதைக் காட்டினார். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எல்லா விற்பனையாளர்களும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே முன்னேற்றம் நிஜம்தான். ஆனால் அவர்கள் மென்பொருளோடு ஆலோசகர்களையும் கூடுதலாக நியமித்தார்கள், கட்டணப் பாக்கி உள்ளவர்களுக்குச் சிறு நிதியுதவியும் கொடுத்தார்கள். இதில் எது வேலை செய்தது என்று பிரித்தெடுப்பது கடினம். உங்களிடம் வந்த நிறுவனம் விற்பது மென்பொருளை மட்டும்.

கணிப்பு மாதிரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் 2020-ம் ஆண்டு ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவுகள் இருக்கின்றன. கொரோனாவால் தேர்வு இல்லை. பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றையும் சேர்த்து ஒரு கணிப்புமுறை தரம் போட்டது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறக்குறைய 39 சதவீதம் கீழே இறங்கியது. மிகச் சிறிய வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் மதிப்பீடே பெரிதும் நின்றதால், அப்படி வகுப்புகள் அதிகமுள்ள தனியார் பள்ளிகளுக்கு அது சாதகமானது. ஆகஸ்ட் 13-ல் வெளியான முடிவை 17-ம் தேதியே திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளிவந்த விவகாரம் இதைவிடக் கசப்பானது. முதலாமாண்டு மாணவர்களுக்குக் கொடுத்த கேள்வித்தாளை வைத்து, தாக்குப்பிடிக்க மாட்டார்கள் எனத் தோன்றுபவர்களைப் புள்ளிவிவரக் கணக்கெடுப்புத் தேதிக்கு முன்பே வெளியேற்ற அதன் தலைவர் திட்டமிட்டிருந்தார். படிப்பில் நிலைப்போர் விகிதம் அழகாகத் தெரியும் அல்லவா? கைதூக்கிவிட உருவாக்கிய பட்டியலும் கழித்துக்கட்ட உருவாக்கிய பட்டியலும் கணினியில் ஒரே மாதிரிதான் இருக்கும். நம் கல்லூரிகளிலும் தேர்ச்சி விகிதம், தரவரிசை என்ற அழுத்தங்கள் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

நம் ஊரில் அம்பு திரும்பும் மிக ஆபத்தான வழி பெற்றோருக்குப் போகும் எஸ்எம்எஸ்தான். ஹாஸ்டல் கேட்டில் ஐடி கார்டைப் படிக்கும் ஆர்எஃப்ஐடி ரீடர் ஒரு கார்டைப் பதிவுசெய்யத் தவறுகிறது. அல்லது மின்தடையில் ரீடரின் கடிகாரம் பின்தங்குகிறது. இரவு 9 மணிக்கு 'உங்கள் மகள் இன்னும் விடுதி திரும்பவில்லை' என்று தானாகச் செய்தி போகிறது. உள்ளே அவள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணின் வீட்டில் அந்த ஒரு செய்தி எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மன்னிப்புச் செய்தி அனுப்பி அதை மீட்க முடியாது. ஆகவே வீட்டுக்குப் போகும் எந்தச் செய்தியும் வார்டன் நேரில் பார்த்து, பெயர் போட்டு அனுமதித்த பிறகே போக வேண்டும். வருகைப்பதிவு 75 சதவீதக் கணக்கிலும் இதே விதிதான்: கணினி கூட்டிக்கொடுக்கலாம், ஹால் டிக்கெட்டை நிறுத்தும் முடிவில் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்க வேண்டும், மாணவர் மறுத்துச் சொல்ல நாலு நாளாவது இருக்க வேண்டும்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. கல்லூரியின் வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், நிபந்தனையில்லாமலும் இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும். அட்மிஷன் கவுன்டரில் டிசியும் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டு, வரிசையில் பின்னால் ஆள் நிற்க, பதினேழாவது தாளில் போடும் கையெழுத்து சுதந்திரமானது என்று வாதிடுவது கடினம். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. பிளஸ் டூ முடித்து வருபவர்களில் கணிசமானவர்களுக்கு அட்மிஷன் அன்று 17 வயதுதான். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடையும் உண்டு. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை தருகின்றன. ஆனால் அது கல்விச் செயல்பாடு, மாணவர் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டும். ட்வினை விற்கும் நிறுவனம் தன் மென்பொருளை மேம்படுத்தவும், வேலைக்கு ஆளெடுப்போருக்கு மதிப்பெண் விற்கவும் அதே தரவை எடுத்தால் அந்தச் சலுகைக்குள் வராது என்பது என் வாசிப்பு. பெரும்பாலான கடமைகள் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை அவகாசம் இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னால், ட்வினின் ஆயுள் அதைவிட நீளம் என்று சொல்லுங்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

நம் சட்டத்தில் இல்லாததும் உண்டு. முழுக்க முழுக்கக் கணினி எடுத்த முடிவுக்கு ஆட்படாதிருக்கும் உரிமையை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (ஜிடிபிஆர்) 22-ம் பிரிவில் தருகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. கல்வி நிறுவனங்களில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை ஐரோப்பா 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக. உங்களுக்கு வந்த திட்டத்தில் 'வகுப்பறைக் கவனக் குறியீடு' என்று கேமராவை வைத்து ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள். அறிவியலும் அதற்குத் துணையில்லை. தலையைக் குனிந்து குறிப்பெடுப்பவரும் தலையைக் குனிந்து தூங்குபவரும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒன்றே.

சாதி பற்றியும் பேசியாக வேண்டும். 'நாங்கள் சாதிப் பத்தியை எடுப்பதே இல்லை' என்பார்கள். உதவித்தொகைத் திட்டத்தின் பெயர், முதல் பட்டதாரிச் சலுகை, பின்கோடு, தங்கும் விடுதியின் பெயர், பள்ளிப் பயிற்றுமொழி, கட்டணம் வந்த தேதி ஆகியவற்றை எடுத்தால் சாதிப் பத்தி தேவையே இல்லை. மென்பொருள் அதைத் தானே கட்டிக்கொள்ளும். உதவித்தொகை அரசிடமிருந்து தாமதமாக வந்ததால் கட்டணம் தாமதமானது. அது 'ஈடுபாட்டுக் குறைவு' என்று பதிவாகும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. பாகுபாடு நடக்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால் அந்தச் சமூக விவரம் தேவை. இல்லாமல் சோதிக்கவே முடியாது. எனவே கணிப்புக்குள் அதைக் கொடுக்காமல், விற்பனையாளர் கைக்கும் போகாமல், தரமதிப்பீட்டுப் பிரிவிடம் தனியாக வைத்திருந்து, செமஸ்டர் முடிவில் தவறான சிவப்பு எந்தப் பிரிவினர்மேல் அதிகம் விழுந்தது என்று ஒப்பிட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் அறிக்கையில் காட்டக் கூடாது. மெக்கானிக்கல் பிரிவில் 'மாணவியர்: 2' என்று போட்டால் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

கட்டட ட்வின் பெரும்பாலும் தொந்தரவில்லாதது என்றேன். ஒரு எல்லை வரை. பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2022 அக்டோபரில் ஆய்வு மாணவர்களின் மேசைக்கு அடியில், சொல்லாமல் கொள்ளாமல், உடல்வெப்பத்தை உணரும் சென்சார்களை மாட்டியது. எந்த மேசை பயன்படுகிறது என்று அறியத்தான் என்றது நிர்வாகம். மாணவர்கள் அவற்றைக் கழற்றினார்கள். கடைசியில் நிர்வாகமே திட்டத்தைக் கைவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டிசிஎஸ் ஹாலில், அதாவது நம் டாடா நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில், ஒலி, அசைவு எனப் பலவற்றை ஒரே பெட்டியில் உணரும் மைட்ஸ் சென்சார்களை ஆய்வுக்காகச் சுவரில் பதித்தார்கள். தனியுரிமைக்கென்றே வடிவமைத்த கருவி அது. இருந்தும் கேட்காமல் மாட்டியது ஏன் என்ற எதிர்ப்பு எழுந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. 60 பேர் உட்காரும் வகுப்பறையில் எத்தனை பேர் என்பது கட்டடத்தின் செய்தி. ஒருவர் மட்டும் உட்காரும் ஸ்டாஃப் ரூமில் ஆள் இருக்கிறாரா என்பது அந்த ஒருவரைப் பற்றிய செய்தி. சென்சாரை அறை அளவில் வையுங்கள், மேசை அளவில் வேண்டாம்; 15 நிமிடச் சராசரி மின்செலவைக் குறைக்கத் தாராளமாகப் போதும்.

ஆசிரியரின் குரல், முகம் பற்றிக் கேட்டதற்கு: கனடாவின் கான்கோர்டியா பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் ஒரு மாணவர் தன் ஆன்லைன் பாடத்தின் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப முகவரி தேடியபோது, அவர் 2019-லேயே இறந்துவிட்டது தெரிய வந்தது. அது வெறும் பதிவுசெய்த வீடியோதான். ட்வின் புதிய வாக்கியங்களையும் பேசும். நீங்கள் சொல்லாததை உங்கள் வாயால் சொல்லும். வேலை கொடுப்பவர் கேட்கும்போது மறுப்பது ஆசிரியருக்கும் சுலபமில்லை. நியமன ஆணையில் ஒரு வரியாக அதைச் சேர்க்க விடாதீர்கள். தனி ஒப்பந்தம், குறிப்பிட்ட பாடம், குறிப்பிட்ட செமஸ்டர், பணியை விட்டு விலகினால் 30 நாளில் குரல் மாதிரியும் அழிய வேண்டும், திரையில் 'இது செயற்கைக் குரல்' என்று தெரிய வேண்டும், தவறான விளக்கத்தை நிறுத்தும் அதிகாரம் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

லேப் ட்வினில் அறச்சிக்கல் வேறு மாதிரி. நிஜ லேத்தில் கை வைக்கும் முன் திரையில் பழகுவது நல்லது. லேத் வாங்காமல் இருப்பதற்கு அது சாக்காகும்போதுதான் பிரச்சினை. திரையில் கேபிள் தளராது, பேரிங் கத்தாது. ஒரு பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் நிஜ இயந்திரம் என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மாணவர் பகுதியை வாங்கியே தீர வேண்டும் என்றால், முதல் செமஸ்டர் முழுக்கக் கணிப்பை ஓடவிட்டு, யாருக்கும் காட்டாமல் பூட்டி வையுங்கள். செமஸ்டர் முடிந்ததும் நடந்ததோடு ஒப்பிட்டு, மேலே போட்ட கணக்கை உங்கள் சொந்த எண்களில் போடுங்கள். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். ஏனென்றால் ஆசிரியர்கள் சிவப்பைப் பார்த்து உதவத் தொடங்கிய பிறகு, உதவியால் தேறியவர் 'தவறான கணிப்பு' என்று பதிவாவார். அந்தத் தரவில் மறுபடி பயிற்றுவித்தால் அப்படிப்பட்ட மாணவருக்கு உதவியே தேவையில்லை என்று மென்பொருள் கற்றுக்கொள்ளும். ஒப்பந்தத்தில் பத்தி பத்தியாக என்ன தரவு, எதற்கு, எத்தனை மாதம் என்று இருக்க வேண்டும். தரவுத்தளத்திலிருந்து ஒருவர் பெயரை அழித்தாலும், ஏற்கெனவே பயிற்றுவித்த மாதிரிக்குள் அவர் தரவின் தாக்கம் அப்படியே இருக்கும். மறுபயிற்சி எப்போது என்பதையும் எழுதி வாங்குங்கள். மாணவர் தன் ட்வினைப் பார்க்கவும், 'இது தப்பு' என்று குறிக்கவும், அந்தக் குறிப்பை மென்டர் பார்க்கவும் வழி வேண்டும். சந்தா முடிந்தால் மூலத்தரவு முழுதும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி வடிவில் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். இவற்றுக்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால், கட்டடம், லேப், மாணவர், ஆசிரியர் என்று நாலுக்கும் தனித்தனி விலை கேட்டு, முதல் இரண்டுக்கு மட்டும் குழுவில் பரிந்துரை எழுதிவிடுங்கள்.